ஹோது: ஓர் ஆற்றின் பெயர்

மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வைத்திருந்தேன். "அத்தா, இந்தியச் சோனகர்னு போட்டிருக்கே, நாம இந்தியாவா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான் பொறந்ததும் டிக்கோயாதான்" என்றேன். "அப்ப இந்தியான்னா என்ன?" என்றாள். அதற்கு விடை தேடப்போய்த்தான் 'ஹோது' என்ற எபிரேயச் சொல்லில் வந்து நின்றேன்.

எபிரேய மொழியில் இந்தியாவின் பெயர் ஹோது. யூத வேதத் தொகுப்பிலுள்ள எஸ்தர் நூலின் முதல் வசனத்திலேயே அது வருகிறது. பாரசீக மன்னர் அகாஸ்வேருவின் ஆட்சி ஹோது முதல் கூஷ் வரை 127 மாகாணங்களில் பரந்திருந்தது என்கிறது அந்நூல். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கேயுள்ள நைல் நாடு.

வேர்ச்சொல் 'சிந்து'. சமஸ்கிருதத்தில் அதற்கு ஆறு என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'ச' பழம் பாரசீகத்தில் 'ஹ' ஆகும். ஆகவே தாரியூஸ் மன்னரின் (கி.மு. 522-486) கல்வெட்டுகளில் சிந்து நதிக்கரை மாகாணம் 'ஹிந்துஷ்' எனப்படுகிறது. எபிரேயர் வாயில் நடுவிலிருந்த நகர ஒற்று அடுத்த எழுத்தோடு கரைந்துவிட்டது. மதரஸாவில் 'இத்காம்' ஓதியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அரபியிலோ அந்த நூன் எழுத்தில் அப்படியே நிற்கிறது: 'அல்ஹிந்த்'. கிரேக்கர் 'ஹ'வை விட்டார்கள்; அதிலிருந்து 'இந்தியா' வந்தது. ஹோது, ஹிந்த், இந்தியா மூன்றும் ஒரு தாய் மக்கள்.

எபிரேயத்தில் 'ஹோது' என்று ஒலிக்கும் இன்னொரு சொல்லும் உண்டு. 'நன்றி செலுத்துங்கள்' என்பது அதன் பொருள். அதை வைத்து, நன்றியின் நாடு என்று நாட்டுப் பெயருக்கு விளக்கம் சொன்னால் கேட்க இனிக்கும். ஆனால் ஓசைதான் ஒன்று, வேர் வேறு.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஹோது என்பது முதலில் ஒரு நதிக்கரை மாகாணம் மட்டுமே. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அந்தப் பெயரை விரித்துக்கொண்டே போனார்கள். நம் தீவுக்கும் அப்படித்தான். சிங்களத் தீவு எனப் பொருள்படும் 'சிம்ஹளத்வீபம்' அரபியர் வாயில் 'சரந்தீப்' ஆனது. 1344இல் பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்.

பெயர் விரிவதில் தவறில்லை. அதை வைத்து ஆளை வெளியே தள்ளும்போதுதான் வலிக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 'இந்திய' என்ற அடைமொழி அவர்கள்மீது ஒட்டிக்கிடந்தது. சிந்து நதியை அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

மகளிடம் சொன்னேன்: "அது ஒரு ஆத்தோட பேரும்மா. நம்ம ஆறு கெஹெல்கமு ஓயா." அவள் படிவத்தில் பிறந்த இடம் 'டிக்கோயா' என்று எழுதினாள்.