ஆச்சி மனோரமா (1937–2015)

அம்பத்தூர், ஆவடி ரயிலில் காதில் விழும் சென்னைப் பேச்சு மனோரமாவின் வாயில் அப்படியே வரும். ஆனால் அவர் இந்த ஊர்க்காரர் அல்ல. மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, காரைக்குடி அருகே பள்ளத்தூரில் வளர்ந்தவர். தகப்பன் கைவிட்ட குடும்பம். தாய் வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். நாடக மேடை சிறுவயதிலேயே அழைத்துக்கொண்டது. செட்டிநாட்டு வழக்கப்படி, பின்னாளில் எல்லோருக்கும் 'ஆச்சி' ஆனார்.

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' முதல் படம். வேடம் நகைச்சுவை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் ஜில் ஜில் ரமாமணி. சிவாஜி நாதஸ்வரம் வாசித்து முடித்ததும், இந்த ஓசை அவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்பாள். கண்ணில் துளி குறும்பு கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. நடிகர் திலகத்தின் எதிரில் அந்தக் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்!

'சின்னக் கவுண்டர்' (1992) படத்துக்காகத் துருத்திய பொய்ப்பல் கட்டிக்கொண்டு, கொங்குத் தமிழ் பேசும் தாயானார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை.

1985இல் ஆயிரம் படங்களைக் கடந்து கின்னஸில் இடம்பெற்றார். 'புதிய பாதை' (1989) தேசிய விருதையும், 2002ஆம் ஆண்டு பத்மஸ்ரீயையும் கொண்டுவந்தன. நகைச்சுவை நடிகை என்று மட்டும் எழுதினால் அது பாதி மனோரமாதான். அழவைத்த அம்மா வேடங்கள் மறுபாதி.