நோயாளர் பரிந்துபேசுநர் (நியூசிலாந்து)

நோயாளர் பரிந்துபேசுநர் என்பவர், மருத்துவ சேவை பெறும் ஒருவர் தமது உரிமைகளை அறிந்துகொள்ளவும் குறைகளை எடுத்துரைக்கவும் அவர் பக்கம் நின்று உதவுபவர் ஆவார். நியூசிலாந்தில் இச்சேவை சட்டத்தின் வழி ஏற்படுத்தப்பட்டு, நாடு முழுவதும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. நோயாளர் தாமே தெரிவு செய்யும் துணையாளை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையும் அங்கு உண்டு. இவ்விரண்டும் வெவ்வேறானவை.

வரலாறு

ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில், கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கொண்டிருந்த பெண்கள் சிலருக்கு, 1966 முதல் முழுமையான சிகிச்சை அளிக்கப்படாமல் நோயின் போக்கு மட்டும் கவனிக்கப்பட்டது. தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. சிலருக்குப் புற்றுநோய் முற்றியது, சிலர் இறந்தனர். 1987 இல் சான்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் ஆகியோர் மெட்ரோ இதழில் இதனை வெளிப்படுத்தினர். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடைபெற்று, 1988 இல் அறிக்கை வெளியானது. நோயாளர்களுக்காகப் பேசச் சுதந்திரமான ஒருவர் தேவை என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இதன் தொடர்ச்சியாக 1994 இல் நலவாழ்வு, மாற்றுத்திறன் ஆணையர் சட்டம் இயற்றப்பட்டது. பத்து உரிமைகள் கொண்ட உரிமைக் கோவை 1996 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

துணையாள்

உரிமைக் கோவையின் 8 ஆவது உரிமையின்படி, நோயாளர் தாம் விரும்பும் ஒருவரையோ பலரையோ உடன் வைத்துக்கொள்ளலாம். உறவினர், நண்பர், அயலவர் என எவரும் துணையாளாகலாம். பாதுகாப்புக்கு ஊறு நேரக்கூடிய போதும், பிறருடைய உரிமை நியாயமற்ற முறையில் பாதிக்கப்படும் போதும் மட்டுமே இது மறுக்கப்படலாம். மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொள்வது, மறந்த கேள்வியை நினைவூட்டுவது போன்றவற்றைத் துணையாள் செய்யலாம். எனினும் சிகிச்சைக்கு இசைவு தருவது நோயாளரின் முடிவே ஆகும்.

பரிந்துபேசுநர்

பரிந்துபேசுநர் சேவை மருத்துவமனைகளைச் சாராதது. பரிந்துபேசுநர் உரிமைகளை விளக்குவார். முறையீட்டுக் கடிதம் எழுத உதவுவார். மருத்துவத் தரப்புடனான சந்திப்புக்கு உடன் வருவார். உரிமை மீறப்பட்டதா என்று இவர் தீர்ப்பளிப்பதில்லை. அது ஆணையரின் பணி.

முறையீட்டை வாய்மொழியாகவும் தெரிவிக்கலாம். அது 5 வேலை நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடின், பெற்றுக்கொண்டதை அதே காலத்துக்குள் மருத்துவத் தரப்பு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பரிந்துபேசுநரின் உதவி கிடைக்கும் என்பதையும் முறையிட்டவருக்கு அறிவிக்க வேண்டும். எனவே பரிந்துபேசுநரை எங்கே தேடுவது என்று அறியாத ஒருவர், தாம் முறையிட்ட இடத்திலேயே அதனைக் கேட்டுப் பெறலாம். இவ்விதிகள் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரேபோலப் பொருந்தும்.