நெருப்பைத் தேடும் குளிர்ந்த கண்

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் கொஞ்ச தூரம், காட்டாங்கொளத்தூர். அங்குள்ள எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய எஸ்ஆர்எம்சாட், 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி-சி18 ராக்கெட்டில் பறந்தது. எடை வெறும் 10.9 கிலோ! அதற்குள் ஓர் அகச்சிவப்புக் கண். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூரிய ஒளியில் எதை விழுங்கின என்று அது துப்பறிந்தது.

காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் அதே குடும்பம்தான். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும்! செல்போன் கேமராவின் சிலிக்கானுக்கு 1.1 மைக்ரானுக்கு மேல் பார்வை கிடையாது. தீயோ 4 மைக்ரான் அலைநீளத்தில்தான் கூச்சல் போடுகிறது. 1,000 கெல்வின் நெருப்பு, சாதாரணத் தரையைவிட அங்கே சுமார் 4,500 மடங்கு பிரகாசம். அதனால் ஒரு சதுர கிலோமீட்டரில் ஆயிரம் சதுர மீட்டர் எரிந்தாலே அந்தப் பிக்சல் துள்ளி எழும்.

இதைப் பார்க்கும் கண் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் தன் சூடே தன் பார்வையை மறைக்கும். நாசாவின் மோடிஸ் கருவியில் அந்தப் பகுதி மைனஸ் 190 டிகிரியில் இருக்கிறது. கம்ப்ரஸர் எதுவும் இல்லை, விண்வெளியின் இருட்டுக்குள் வெப்பத்தை உமிழ்ந்தே குளிர்கிறது!

எனக்கு மிகப் பிடித்த சூட்சுமம் வேறு. மோடிஸ் ஒரே 3.96 மைக்ரானை இரண்டு பட்டைகளில் பார்க்கிறது. ஒன்று கூர்மையானது, ஆனால் 331 கெல்வினிலேயே திகட்டிப்போகும். மற்றது மந்தமானது, ஏறக்குறைய 500 வரை தாங்கும். பெரிய தீ வந்தால் மந்தமானதே கைகொடுக்கிறது. சேலையூர் ஏரி போன்ற நீர்ப்பரப்பில் தெறிக்கும் வெயிலும் 4 மைக்ரானில் தீயைப்போல நடிக்கும்; மற்ற அலைநீளங்களோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கழிக்க முடியும்.

2018 மார்ச் 11, குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன சென்னைக்காரர்களும் அந்தத் தீயில் மாண்டார்கள். நேரம் எவ்வளவு விலைமதிப்பற்றது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் அனுப்பும். ஆனால் வெப்பப் பட்டையில் ஒரு பிக்சல் 4 கிலோமீட்டர், ஏறக்குறைய தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை. தாழப் பறப்பவை நுணுக்கமாகப் பார்க்கும், அடிக்கடி வராது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் ஃபயர்சாட் திட்டம்: 2025 மார்ச்சில் முதல் செயற்கைக்கோள் ஏறிவிட்டது, ஐம்பதுக்கும் மேல் பறக்கவிட எண்ணம். இலக்கு 5க்கு 5 மீட்டர் தீ. ஒரு ஃபிளாட்டின் ஹால் அளவு!