இணையப் பள்ளியில் சேர்த்துவிட்டால் சட்டம் விட்டுவிடுமா?

"அக்கா, வெளிநாட்டு ஆன்லைன் ஸ்கூல்ல காசு கட்டிட்டோம். இனிமே இவன் இங்க ஸ்கூலுக்குப் போகலைன்னா கேப்பாங்களா?" தேக்கா சந்தையில் மீன் வெட்டக் காத்திருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார். மகன் தொடக்கநிலை இரண்டு, சிங்கப்பூர்க் குடிமகன். கேட்பார்கள் என்றேன். அவர் முகம் வாடிப்போனது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு வயதைக் கடந்து, பதினைந்தை எட்டாத, இங்கே வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குப் போகவேண்டும். விலக்குப் பெறாமல் நிறுத்திவிட்டால் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிரந்தரவாசிகளான பிள்ளைகளையும் வேலை அனுமதியில் வந்திருப்போரின் பிள்ளைகளையும் இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. "எங்க பிள்ளை ஆன்லைன்லதான் படிக்குது, யாரும் ஒன்னும் கேக்கல" என்று பக்கத்து வீட்டார் சொல்வது அதனால்தான். அவர்களுக்குச் சரி, உங்களுக்குச் சரியாக இருக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1997லேயே அரசுச் செலவில் இணையப் பள்ளி தொடங்கியது. சிங்கப்பூரில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அப்படியொரு முழுநேர அரசுப் பள்ளி கிடையாது. இங்கே உள்ள வழி வீட்டுக்கல்விக்குக் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்பது. என்ன பாடத்திட்டம், யார் கற்றுக்கொடுக்கப் போகிறார், அவருடைய கல்வித் தகுதி என்ன என்று அமைச்சு கேட்கும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அறிக்கை தரவேண்டும். இணைய வகுப்பு அதில் உங்களுக்கு உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான். பொறுப்பு உங்கள் தலையில். ஆகவே முதலில் அமைச்சின் அனுமதி, பிறகு கட்டணம். அந்தத் தாய் செய்தது தலைகீழ்.

எனக்கு மிகவும் கவலை தருவது தமிழ். வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதியாகவேண்டும். தேசியப் பள்ளிகளில் அதே ஆண்டு நான்கு பாடங்களையும் எழுதியவர்களைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் 33ஆம் விழுக்காட்டில் நிற்பவரின் மதிப்பெண்ணையாவது அது எட்டவேண்டும். அந்த நான்கில் ஒன்று தாய்மொழி. வெளிநாட்டு இணையப் பள்ளி ஆங்கிலம், கணிதம், அறிவியலை நன்றாகவே நடத்தலாம். தமிழை யார் நடத்துவது? எழுத்துத் தேர்வோடு கேட்டல் கருத்தறிதல் இருக்கிறது, வாய்மொழித் தேர்வும் இருக்கிறது. வாய்விட்டு வாசித்து, தேர்வாளரோடு தமிழில் உரையாடவேண்டும். வகுப்பில் பத்துப் பிள்ளைகளோடு தமிழில் சண்டைபோட்டு, கதை சொல்லிப் பழகிய வாய்க்கு அது எளிது. நாள் முழுதும் ஆங்கிலத் திரையோடு இருந்த பிள்ளை ஆறாம் ஆண்டில் திடீரென்று திணறும். விண்ணப்பிக்குமுன் தமிழுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் என்று எழுதி வையுங்கள். பேச்சுக்குத் தாத்தா பாட்டி போதும். கட்டுரைக்கும் இலக்கணத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். பீட்டி சாலையில் இருக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடம் துணைப்பாட வகுப்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனம் இங்கே பதிவுபெற்ற தனியார் கல்வி நிலையமா, கட்டணப் பாதுகாப்புத் திட்டம் உண்டா என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பிடம் சரிபார்க்கலாம். சொன்னபடி நடத்தாத நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தால், வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும். ஆனால் சிங்கப்பூரில் முகவரியே இல்லாத நிறுவனத்திடம் பணம் வசூலிப்பது பெரும்பாடு. முழு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் ரசீதையும் அழிக்காதீர்கள்.

திரையின் ஆபத்தும் நாம் பார்க்காததல்ல. 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய சில நாள்களுக்குள், ஸூம் வகுப்பு ஒன்றில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஸூம் பயன்பாட்டை உடனே நிறுத்திவைத்தது. பள்ளியே நடத்திய வகுப்பில் அது நடந்தது. கணினியைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். அப்படி ஏதும் நேர்ந்தால் திரையைப் படம்பிடித்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள்.

அந்தத் தாயிடம் கடைசியில்தான் கேட்டேன், ஏன் பள்ளி வேண்டாம் என்று. வகுப்பில் இரண்டு பையன்கள் கேலி செய்கிறார்களாம், காலையில் வயிற்றுவலி என்று அழுகிறானாம். பள்ளியிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லவில்லை. பள்ளி ஆலோசகரைப் பார்க்கலாம், வகுப்பை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. படிப்பதிலேயே சிரமம் இருந்தால் வாசிப்புக் குறைபாட்டுக்குப் பரிசோதனை கேட்கவும் பெற்றோரால் முடியும். இதற்கெல்லாம் செலவில்லாமல், அல்லது குறைந்த செலவில், முதல் அடி எடுத்துவைக்கலாம்.

மீனை வாங்கிக்கொண்டு போகுமுன் பள்ளி ஆசிரியருக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். பஃபலோ சாலைப் பக்கம் நின்று இருவரும் சேர்ந்து மூன்று வரி எழுதினோம்: எப்போது தொடங்கியது, யார் யார், வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறான். அனுப்பிவிட்டு, கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்துக்கு ரசீதைத் தேடத் தொடங்கினார்.