ஒரு மணி நேரப் பறப்பும் பிரயாணம்தான்

"விமானத்தில் ஒரு மணி நேரம்தானே! களைப்பும் இல்லை, கஷ்டமும் இல்லை. இதற்கும் கஸ்ர் தொழலாமா?" பலாலி வழியாக இந்தியா போய்வரும் நம் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்னும் சிலர் கேட்பதே இல்லை. "போய்ச் சேர்ந்து கழாச் செய்வோம்" என்று லுஹரையும் அஸரையும் விட்டுவிடுகின்றனர். வேதனை இதுதான்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பலாலி 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. திருச்சிச் சேவை 2025 மார்ச் 30இல் தொடங்கியது. ஆகாய வழியில் பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீட்டர். திருச்சி ஏறத்தாழ 185 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் ஒரு மணி நேரம். சென்னைக்குச் சற்றுக் கூடுதல்.

ஷாபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமி மைல். அதைக் கிலோமீட்டரில் கணிப்பதில் உலமாக்களிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அதிகமாகக் கூறுவோரின் கணக்கையும் திருச்சிப் பயணம் தாண்டிவிடுகிறது.

நேரம் குறைவாயிற்றே என்றால், அதற்கும் பதில் உண்டு. அறபுக் கல்லூரிகளில் ஓதப்படும் மின்ஹாஜ் என்னும் நூலில் இமாம் நவவி (ரஹ்), கடலும் தரையைப் போன்றதே, அந்தத் தூரத்தைக் கடலில் சொற்ப நேரத்தில் கடந்தாலும் கஸ்ர் உண்டு என்று எழுதியுள்ளார்கள். அவர்கள் வபாத்தானது ஹிஜ்ரி 676இல். விமானம் வருமுன்பே விடை வந்துவிட்டது! அளவுகோல் தூரமே, கடிகாரமன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரயாணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டிப் பக்கத்திலிருந்து புறப்படுபவர் சிலாவத்துறை, மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று 150 கிலோமீட்டருக்கும் மேல் தரைவழியே வந்துதான் பலாலியை அடைகிறார். பறக்கும் நேரத்தைவிடப் பாதை நேரமே அதிகம். ஆகுமான காரியத்துக்காகப் புறப்பட்டு, ஊர் எல்லையைத் தாண்டியதுமே அவர் பிரயாணிதான்.

லுஹர், அஸர், இஷா மட்டுமே இரண்டு றக்அத்தாகச் சுருங்கும். ஸுப்ஹும் மஃரிபும் சுருங்கா. தக்பீர் கட்டும்போதே கஸ்ருடைய நிய்யத் வேண்டும். பகல் விமானமானால், லுஹர் நேரம் வந்தபின் ஏறுமுன்பே லுஹரைத் தொழுது, உடனே அஸரையும் சேர்த்துத் தொழுதுவிடலாம். சேர்க்கும் நிய்யத்தை லுஹர் முடியுமுன் வைக்க வேண்டும். குழந்தையோடு செல்லும் தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய இலேசு! ஊரில் தங்கியிருக்கும் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினால், போய்ச் சேர்ந்ததும் கஸ்ர் முடிந்துவிடும். வைத்தியத்துக்குச் செல்வோர் இதை மறக்கக்கூடாது.

நோன்பாளிகளுக்கு ஒரு வார்த்தை. இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே. ஆனால் திருச்சி மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் ஐந்து நிமிடமளவு பிந்தி மறையும். பலாலி நேரத்தைப் பார்த்து அங்கே நோன்பு திறந்துவிடாதீர்கள். ஆகாயத்தில் இருந்தால், உங்கள் கண்ணுக்குச் சூரியன் மறைய வேண்டும்.

அச்சம் நீங்கிய பின்னும் ஏன் கஸ்ர் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். கஷ்டம் குறைந்ததால் அந்தத் தர்மம் திரும்பப் பெறப்படவில்லை. அதை ஏற்போம், தொழுகையைக் கழாவாக்காதிருப்போம்.