260 டாலர், 23 ஆட்டக்காரர்கள்

ஜார்ஜ் ஃபாஸ்டர் 1977-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காக 52 ஹோம் ரன் அடித்தார். மூன்றாண்டு கழித்து, 1980-ல், அவர் அடித்தது 25. அவரை 36 டாலருக்கு ஏலம் எடுத்தவருக்கு அது கையைக் கடித்தது. ஃபாஸ்டர் 36 டாலர் பெறாமல் போன ஆண்டு என்று பொருள்படும் தலைப்பிலேயே டேனியல் ஓக்ரென்ட் 1981 மே மாத 'இன்சைட் ஸ்போர்ட்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார். இன்று ஃபேன்டஸி பேஸ்பால் என்று அமெரிக்காவில் ஊர் ஊராக ஆடப்படும் ஆட்டம் வெளியுலகின் பார்வைக்குப் பரவலாக வந்தது அந்தக் கட்டுரையின் வழியாகத்தான்.

ஓக்ரென்ட் 1979-ன் கடைசியில் ஒரு விமானப் பயணத்தின்போது விதிகளை எழுதினார். நியூயார்க்கில் பதிப்பகங்களிலும் பத்திரிகைகளிலும் வேலை பார்த்த நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கூடிச் சாப்பிட்ட 'லா ரோடிஸெரி ஃப்ரான்ஸேஸ்' என்ற உணவகத்தின் பெயரே ஆட்டத்துக்கும் 'ரோடிஸெரி' என்று நிலைத்தது. விதிப்புத்தகத்தில் உறுதிப்பட்ட கணக்கு இது: ஒவ்வொருவருக்கும் 260 டாலர். அதற்குள் 23 பேரை வாங்க வேண்டும், 14 அடிப்பவர்கள், 9 பிட்சர்கள். நிஜ ஆட்டங்களில் அவர்கள் சேர்க்கும் எண்களை ஹோம் ரன், ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது), வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பது) முதலான எட்டு இனங்களில் வரிசைப்படுத்தி, இடத்துக்கு இடம் புள்ளி கொடுப்பார்கள். ஐபிஎல் ஏலம் பார்த்த வாசகருக்கு இது சட்டென்று பிடிபடும். அணிக்கு இவ்வளவுதான் பணம் என்ற உச்சவரம்பு அங்கும் உண்டு. இங்கே ஏலம் போகிறவருக்குத் தாம் ஏலம் போன செய்தியே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1980-ல் மன்ஹாட்டனில் முதல் ஏலம் நடந்தபோது ஃபாஸ்டருக்கு 36 டாலர் சரியா, 26 சரியா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. விலைப்பட்டியல் என்ற ஒன்றே பிறந்திருக்கவில்லை. போன ஆண்டு என்ன செய்தார் என்ற எண், கண்ணால் பார்த்த நினைவு, பக்கத்து நாற்காலிக்காரரின் முகம், இவற்றை வைத்துத்தான் கேட்டார்கள். சீசன் தொடங்கிய பிறகும் நிலைமை அதேதான். 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' வார இதழ் வந்தால்தான் எண்கள் தெரியும். அவற்றைப் பென்சிலால் கூட்டிக் கழித்துத்தான் யார் எந்த இடம் என்று சொல்ல முடியும். முதல் ஆண்டு வென்றது பீட்டர் கெதர்ஸ், க்ளென் வேகனர் கூட்டணி. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஓக்ரென்ட் தம் லீக்கில் ஒருமுறைகூட வென்றதில்லை.

அந்தக் காலத்து உத்தியின் உயிர் ரகசியத்தில் இருந்தது. மார்ச் மாதப் பயிற்சி முகாமில் எந்த இளைஞனுக்கு இடம் கிடைக்கப்போகிறது, எந்த அணி கடைசி இன்னிங்ஸில் யாரைப் பந்துவீச அனுப்பப்போகிறது என்பது வெளியூர்ப் பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரியாக வரும். அதைப் படித்தவருக்குத் தெரியும், படிக்காதவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஏலம் பாதி முடியும்வரை வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் கை காலியாகி ஓய்ந்த நேரத்தில், ஏதோ இடம் நிரப்புவதற்குக் கேட்பதுபோல அந்தப் பெயரைச் சொல்லி அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போவார். 1982-ல் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் வந்து விரிவான எண்களை நாடு முழுக்கக் கொண்டுபோனபோதே இந்த ரகசியம் மெல்லக் கரையத் தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் விலை சொல்லும் கணக்கர்கள். ரான் ஷாண்ட்லர், அலெக்ஸ் பேட்டன் போன்றவர்கள் ஆண்டுதோறும் ஆட்டக்காரருக்கு டாலர் மதிப்புப் போட்டு வெளியிட்டார்கள். 1997-ல் ஆர்ட் மெகீ எழுதிய புத்தகம் அந்த மதிப்பை எப்படிக் கணிப்பது என்பதையே சொல்லிக்கொடுத்தது. அதன் சாரம் எளிது. உங்கள் லீக்கில் ஹோம் ரன் வரிசையில் ஒரு படி மேலே ஏற சராசரியாக எட்டு ஹோம் ரன் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கடைசி ஆளைவிட ஒருவர் 16 ஹோம் ரன் கூடுதலாக அடிப்பார் என்றால், அவர் உங்களுக்கு இரண்டு படி. எல்லா இனங்களிலும் இப்படிப் படிகளைக் கூட்டி டாலராக மாற்ற வேண்டியதுதான். பன்னிரண்டு பேர் லீக்கில் மொத்தப் பணம் 3,120 டாலர். விற்கப்படுபவர்கள் 276 பேர். ஆளுக்கு ஒரு டாலர் எப்படியும் போய்விடும். ஆகவே உண்மையில் போட்டிக்குரிய பணம் 2,844 டாலர். படிகளைப் பார்த்து இதைப் பங்கிட்டால் விலை கிடைத்துவிடும். பெயரும் புகழும் இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. நன்றாக அடிக்கும் கேட்சருக்கு, அவரைவிட அதிகம் அடிக்கும் அவுட்ஃபீல்டரைவிடக் கூடுதல் விலை வருவது, அந்தந்த இடத்துக்குக் கிடைக்கும் கடைசி ஆளோடு ஒப்பிடுவதால்தான். கேட்சர்களில் நன்றாக அடிப்பவர்கள் அரிது.

விலை கைக்கு வந்ததும் அதை மீறும் உத்திகள் பிறந்தன. ஷாண்ட்லரின் 'லீமா திட்டம்' அவற்றில் புகழ்பெற்றது. 260-ல் 200 டாலரை அடிப்பவர்களுக்குக் கொடு, பிட்சர்களுக்கு 60 போதும் என்பது திட்டம். அந்த அறுபதிலும் பாதியை ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் திறமை இருந்தும் விலைபோகாத பிட்சர்களைப் பொறுக்க வேண்டும். யாரும் சீந்தாத ஜோஸே லீமா 1998-ல் 16 ஆட்டமும் 1999-ல் 21 ஆட்டமும் வென்றதில் திட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

2004-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நிருபர் சாம் வாக்கர், வல்லுநர்கள் மட்டும் ஆடும் 'டௌட் வார்ஸ்' லீக்கில் இறங்கினார். எண்களைப் பார்த்துக்கொள்ள நாசாவில் பணியாற்றிய சிக் மைடலைச் சேர்த்துக்கொண்டார். தாமோ ஆட்டக்காரர்களிடமே போய்ப் பேசி, குணம் பார்த்து விலை சொல்ல முயன்றார். 2006-ல் வந்த அவருடைய 'ஃபேன்டஸிலேண்ட்' இந்த இரண்டு வழிகளும் ஒரே அறையில் மோதுவதைக் காட்டும் புத்தகம். மைடல் பிறகு நிஜ அணிகளுக்கே ஆய்வாளராகப் போனார். பொழுதுபோக்குக்கு விலை போட்ட கணக்கு நிஜச் சம்பளம் போடும் அறைக்குள் நுழைந்த காலம் அது.

இன்று? ஸ்டீமர், ஜிப்ஸ், ஏடிசி என்று கணிப்புகள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் உங்கள் லீக்கில் எத்தனை அணி, எந்த இனங்கள் என்று கொடுத்தால் விலைப்பட்டியல் நொடியில் வந்துவிடும். பந்து மட்டையிலிருந்து பறந்த வேகத்தை 2015 முதல் எல்லா மைதானத்திலும் அளக்கிறார்கள், அதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பன்னிரண்டு மடிக்கணினியில் பன்னிரண்டு பட்டியல் இருந்தாலும் ஒருவருடையது 31 என்றால் மற்றவருடையது 32 என்கிறது. ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத இளைஞன் என்று யாரும் மிச்சமில்லை.

ஆட்டமும் இதற்கிடையில் மாறியது, பணம் அதன் பின்னால் போனது. முதல் ஏலம், நிஜ பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் ஆட்டக்காரர்களை வைத்து நடந்தது. அந்த ஆண்டு அந்த லீக்கில் ரான் லஃப்ளோர் 97 ஸ்டீல், ஓமர் மொரேனோ 96. பிறகு பல்லாண்டுகள் அணிகள் ஓடுவதைக் குறைத்துக்கொண்டன. 2022-ல் இரண்டு லீக்கும் சேர்ந்து 2,486 ஸ்டீல்தான். ஓடத் தெரிந்தவருக்கு ஏலத்தில் தனி மவுசு. 2023-ல் ஓடுபவர்கள் தொடும் தளங்களை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். பிட்சருக்கு நேரக்கெடு வைத்து, ஓடுபவரை மிரட்டும் வீச்சுகளையும் கட்டுப்படுத்தினார்கள். ஸ்டீல் 3,503-க்கு ஏறியது. ரொனால்ட் அகுன்யா ஒருவரே 73. இதைக் கேட்டு ஓட்டக்காரருக்கு இன்னும் அதிகம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர் பணத்தை இழப்பார். எல்லோரும் ஓடினால் ஒரு படி ஏறுவதற்கு வேண்டிய ஸ்டீலும் கூடிவிடும், ஒவ்வொரு ஸ்டீலின் விலையும் இறங்கிவிடும். 20 ஸ்டீல் எடுப்பவர் 2022-ல் அரிய சரக்கு, இப்போது அப்படியில்லை.

பிட்சர்கள் பக்கம் கதை நேர் எதிர். 1980-ல் ஸ்டீவ் கார்ல்டன் 304 இன்னிங்ஸ் வீசி 24 ஆட்டம் வென்றார். 2024-ல் 200 இன்னிங்ஸைத் தொட்டவர்களே மொத்தம் நான்கு பேர். மீதி வேலையை வரிசையாக வரும் மாற்று பிட்சர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள், சேவ்கூட ஒரே அணியில் இரண்டு மூன்று பேருக்குச் சிதறுகிறது. லீமா திட்டத்தை இன்று எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவது ஆபத்து என்பது என் கருத்து. ஆண்டு முழுக்கத் தாங்கும் ஒரு பிட்சருக்கு மனம் கூசாமல் பணம் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்களில் மலிவு தேடலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது மேசை காணாமல் போவது. பெரும்பாலான ஏலங்கள் இப்போது திரையில் நடக்கின்றன. நொடிகள் பின்னோக்கி ஓடும், பெட்டியில் எண்ணைத் தட்டினால் முடிந்தது. எதிராளி தயங்கினாரா, குரல் தழுதழுத்ததா, 'ஒரு தரம், இரண்டு தரம்' என்ற இடைவெளியில் தம் காகிதத்தைப் பார்த்தாரா என்பது எதுவும் தெரியாது. நாலைந்து மணி நேரம் உட்கார முடியாமல் பலர் ஏலத்தையே விட்டுவிட்டு, வரிசைப்படி ஆளெடுக்கும் முறைக்குப் போய்விட்டார்கள். அங்கே சிறந்தவர் முதல் சீட்டு விழுந்தவருக்கு மட்டும்தான். ஏலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அவர் கிடைப்பார், அதற்கு மற்ற 22 இடங்களில் என்ன இழக்கத் தயார் என்பதுதான் கேள்வி. இதைவிட நேர்மையான முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. லாஸ் வேகாஸிலும் நியூயார்க்கிலும் இன்னும் நேரில் கூடிப் பெரும்பணம் கட்டி ஏலம் கேட்பவர்கள் இருப்பது மனதுக்கு ஆறுதல்.

விலை பொதுவுடைமையான பிறகு உத்தி எங்கே போனது என்றால், அடுத்தவர் மடிக்குப் போனது. ஆட்டக்காரரை அறிவதைவிட அறையில் உள்ள பணத்தை அறிவது முக்கியமாகிவிட்டது. முந்தைய ஆண்டு ஆட்களைப் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளும் லீக்குகளை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து 1,000 டாலர் பெறுமான ஆட்களை 600 டாலருக்கு வைத்துக்கொண்டால், ஏலத்துக்கு மிஞ்சும் சரக்கு 2,120 டாலர் பெறும். அதைத் துரத்தும் பணமோ 2,520. எல்லா விலையும் ஏறத்தாழ நூற்றுக்கு 19 ஏறியாக வேண்டும். பட்டியலில் 40 டாலர் என்றிருப்பவரை 45-க்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நாம் கறாராக இருந்தோம் என்று பெருமைப்படுபவர் கடைசியில் செலவழிக்க ஆளில்லாத பணத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்தப் பணம் அடுத்த நாள் எதற்கும் உதவாது.

ஏலத்தின் கடைசி அரைமணி நேரம் இதைவிட நுட்பமானது. உங்களிடம் 31 டாலர், நிரப்ப வேண்டிய இடம் ஆறு. மற்ற ஐந்து இடத்துக்கும் ஒவ்வொரு டாலர் ஒதுக்கினால் நீங்கள் ஒருவருக்கு 26 வரை போகலாம். எதிரில் இருப்பவரிடம் 19 டாலர், நான்கு இடம். அவரால் 16-க்கு மேல் முடியாது. மூன்றாமவரிடம் 9 டாலர், மூன்று இடம், அவருடைய எல்லை 7. மிஞ்சியிருக்கும் ஒரே க்ளோசர் மூன்று பேருக்கும் தேவை, பட்டியல் விலை 20. உங்கள் முறை வந்ததும் க்ளோசரைச் சொன்னால் 16 வரை எதிராளி துரத்துவார், 17-க்கு வாங்குவீர்கள். மோசமில்லை. ஆனால் எதிராளிக்கு ஷார்ட்ஸ்டாப் இடமும் காலியாக இருப்பதைக் கவனித்தவர் க்ளோசரின் பெயரையே எடுக்க மாட்டார். ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப்பின் பெயரைச் சொல்வார். எதிராளி அதை 9 டாலருக்கு எடுத்துவிட்டால் கையில் மிச்சம் 10, மூன்று இடம், எல்லை 8. அடுத்து க்ளோசர் வரும்போது 9 என்று சொன்னால் எதிர்க்குரல் வராது. எட்டு டாலர் மிச்சம்.

அந்த மிச்சத்தை எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பரப்பாமல், கடைசி இரண்டு மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு டாலராவது ஒதுக்குவது நல்லது. இடத்துக்கு ஒரு டாலர் மட்டும் வைத்திருப்பவர், தாம் குறித்துவைத்த இளைஞனை வேறொருவர் 'ஒன்று' என்று சொல்லி எடுக்கும்போது வாய்மூடிப் பார்க்கத்தான் முடியும். கையில் ஒரு டாலர் கூடுதலாக இருந்தால் 'இரண்டு' என்று சொல்லலாம்.