தகவல் துளி: முறை வரும்வரை

தென்மேற்குக் காற்று பலமாக வீசி, கடலுக்குப் போக முடியாத நாட்களில் கல்பிட்டி, உடப்புக் கரைகளில் கரம் பலகையைச் சுற்றிக் கூட்டம் சேரும். ஒருவர் சுண்டுவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் அடுத்த அடி மனதில் உருவாகிறது.

1986இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ கேமும் இப்படித்தான்: வீரனுக்கு ஒரு அடி, எதிரிக்கு ஒரு அடி. 'ஃபைனல் ஃபேன்டஸி' அடுத்த ஆண்டே அதே வழியில் வந்தது. கருவிகள் வேகமானதும், காத்திருந்து ஆடுவது பழசு என்ற பேச்சு எழுந்தது. 2023இல் வெளியான 16ஆவது ஃபைனல் ஃபேன்டஸி அதிரடி ஆட்டமாகவே மாறிவிட்டது.

ஆனால் அதே ஆண்டு, 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வென்றது முறைவைத்து ஆடும் 'பால்டர்ஸ் கேட் 3'. அதைப் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் உருவாக்கியது. நாம் தாயம் உருட்டுவதுபோல அதில் இருபது முகப் பகடை உருளும். 2025இல் அந்த விருது பிரான்சின் 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' விளையாட்டுக்குப் போனது. அதில் எதிரியின் முறையிலும் சும்மா இருக்க முடியாது. அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்கலாம், விலகலாம். இந்தக் கலப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

முழுக்க முறைவைத்து ஆடும் ஆட்டத்துக்கோ விரல் வேகமே தேவையில்லை. வலை இழுத்துக் கை தடித்த அப்பாவும் மகளும் சரிசமமாக உட்கார்ந்து ஆடலாம். இடையில் வள்ளம் கரைக்கு வந்துவிட்டதா? எழுந்து போகலாம். திரும்பி வரும்வரை எதிரி அதே இடத்தில் நிற்பான்.